ராஜா ராம்மோகன் ராய்: கதையும் ருசுவும்

இங்கிலாந்து தேசத்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்னோஸ் வேல் இடுகாட்டில், நம் நாட்டு மண்டபத்தின் சாயலில் நாற்புறமும் திறந்ததாக ஒரு சமாதி நிற்கிறது. ராஜா ராம்மோகன் ராயின் உடல் அதன் கீழ் அடங்கியிருக்கிறது. அவருடைய நண்பர் துவாரகாநாத் தாகூர் 1843இல் அவரது உடலை முதலில் அடக்கம் செய்த இடத்திலிருந்து எடுத்து வரச் செய்து, அந்த மண்டபத்தையும் கட்டுவித்தார். அங்கே கல்லில் பொறித்துள்ள வாசகம் 1872இல் சேர்க்கப்பட்டது. அதில் ராஜா பிறந்த வருஷம் 1774 என்று கண்டிருக்கிறது. நம் நாட்டிலோ, அவர் பிறந்த இருநூறாவது ஆண்டு விழா 1972இல் கொண்டாடப்பட்டது. அவர் பெயரால் ஒரு நூல்நிலைய ஸ்தாபனமும் அவ்வாண்டு மே மாதத்திலேயே நிறுவப்பட்டது. கல் ஒரு கணக்குச் சொல்ல, விழா வேறொரு கணக்கில் நடந்தேறியது.

வருஷம் இரண்டு முன்பின் ஆனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று நம் நண்பர்களில் சிலர் கேட்கக்கூடும். ராஜாவின் பெயரை மேடைதோறும் எடுத்தாள்பவர்கள் நாம். உடன்கட்டைக் கொடுமையை எதிர்த்தவர் என்றும், பத்திரிகைச் சுதந்திரத்துக்கு வாதாடியவர் என்றும் அவரை நம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கிறோம். நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சி பத்து உண்மைகளோடு ஒரு பொய்யையும் கலந்து சொல்லிவிட்டால், எதிர்க்கட்சி வக்கீல் அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டே பத்தையும் அடித்துவிடுவார் என்பதை அத்தொழிலில் பழகிய நாம் நன்கறிவோம். ராஜாவின் சரிதத்தில் அத்தகைய பொய்களைக் கலந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய விரோதிகள் அல்லர்; பக்தர்களே.

ராஜா வங்காளத்தில் ராதாநகர் என்னும் கிராமத்தில் ராமகாந்த ராய்க்கும் தாரிணி தேவிக்கும் பிறந்தார். வருஷத்தைப் பற்றி இரண்டு சாட்சிகள் முக்கியமானவை. ஒருவர் ஜான் டிக்பி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர். ராஜா இவர் கீழ்ப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ராஜாவின் வேதாந்தச் சுருக்கமும் கேனோபநிஷத மொழிபெயர்ப்பும் 1817இல் லண்டனில் அச்சானபோது டிக்பி எழுதிய முகவுரையில், ராஜாவுக்கு வயது சுமார் 43 என்கிறார். அதன்படி 1774 ஆகிறது. மற்றவர் ராஜாவின் இளைய குமாரர் ராமப்ரஸாத் ராய். இவர் பெரிய வக்கீல். கல்கத்தா ஹைக்கோர்ட்டுக்கு நியமிக்கப்பட்ட முதல் இந்திய ஜட்ஜு. பதவியில் அமருமுன் காலமானார். தம் தந்தை 1772இல் பிறந்தார் என்று இவர் 1858இல் சிலர் முன்னிலையில் சொன்னார். அதைக் கேட்டவர்களுள் ஒருவரான டால் என்னும் பாதிரியார் 1880இல்தான் பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். ஆகவே ஒரு சாட்சி நேரே பழகியவர். ஆனால் சுமார் என்ற சொல்லைப் போட்டு எழுதியவர். மற்றது குடும்பத்தார் வாக்கு. ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஒருவர் நினைவில் இருந்து வந்தது. பிறப்பு இறப்பு விஷயங்களில், வழக்கு எதுவும் மூளுமுன் குடும்பத்தார் சொன்ன வாக்குக்கு நியாயஸ்தலங்கள் தனி மதிப்புக் கொடுப்பது வழக்கம். எனவே நாம் 1772 என்பதையே கொள்கிறோம். சமாதிக் கல்லின் எழுத்து, அவர் மறைந்து 39 வருஷத்துக்குப் பின் வெட்டப்பட்டது. கல்லாக இருப்பதனாலேயே அதற்கு வலிமை கூடிவிடாது.

அடுத்தது, தந்தை மகனை வீட்டை விட்டுத் துரத்திய கதை. பதினாறு வயதில் ராஜா விக்கிரகாராதனையைக் கண்டித்து எழுதினார், தந்தை வெகுண்டார், பிள்ளை தேசாந்தரம் போனார், அத்தோடு உறவு அற்றது என்று நம் பிரசங்கிகள் உருக்கமாகச் சொல்வதுண்டு. இக்கதைக்கு ஊற்றாக இருப்பது, ராஜா காலமாகி ஒரு வாரத்துக்கெல்லாம், 1833 அக்டோபர் 5ஆம் தேதி, லண்டனில் அத்தீனியம் என்னும் பத்திரிகையில் வெளியான ஒரு சுயசரிதைக் கடிதம். அக்கடிதத்தையே எடுத்துக்கொண்டாலும், இருபதாவது வயதில் தந்தை மகனைத் திரும்ப அழைத்துச் சேர்த்துக்கொண்டதாக அதில் இருக்கிறது. பிரசங்கிகள் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார்கள். அன்றியும், அதை வெளியிட்டவர் ராஜாவிடம் காரியதரிசியாக இருந்த ஸாண்ட்போர்ட் ஆர்னாட். எஜமானர் கண்மூடிய பின், ராஜாவின் ஆங்கில எழுத்தில் பெரும்பகுதி தம்முடையதே என்று சொல்லிக்கொண்டும், பணப் பாக்கி கேட்டும் வந்தவர் இவர். ராஜாவின் சரிதத்தைப் பாடுபட்டு எழுதிய காலட் அம்மையார் இக்கடிதத்தைப் போலி என்றே தள்ளினார்.

இதைவிட நம்பத்தக்க தஸ்தாவேஜுகள் வேறிடத்தில் இருந்தன. ராஜாவின் தமையனார் ஜகமோகனரின் குமாரன் கோவிந்தப்ரஸாத், 1817 ஜூன் மாதம் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் தம் சிற்றப்பன் மீது சொத்துத் தாவா போட்டான். ராஜாவின் பெயரில் இருக்கும் தாலுகாக்கள் அவிபக்த குடும்பப் பணத்தில் வாங்கியவை, ஆகையால் தனக்கும் பாகம் உண்டு என்பது அவன் பிராது. 1796இலேயே தந்தை பாகம் பிரித்துவிட்டார், அதன்பின் நான் வாங்கியவை என் சொந்தப் பணத்தில் வாங்கியவை என்பது ராஜாவின் பதில். இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்து, 1819 டிசம்பர் 10ஆம் தேதி பிராது செலவோடு தள்ளப்பட்டது. இந்த வழக்கின் தஸ்தாவேஜுகளையும் வாக்குமூலங்களையும் ராமப்ரஸாத் சந்தாவும் ஜதீந்திரகுமார் மஜும்தாரும் 1938இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். பழங்காலத்து மனிதர் ஒருவரின் சரிதம் எழுத விரும்புவோர்க்கு, அவர் மீது யாரேனும் வழக்குப் போட்டிருந்தால் அதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை. விரோதிகள் சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொன்ன விஷயங்கள், புகழ்ச்சிக் கட்டுரைகளில் கிடைக்குமா?

அக்காகிதங்கள் காட்டுவது என்ன? வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவராகச் சொல்லப்படும் மகனுக்கு, 1796 பாகப்பிரிவினையில் கல்கத்தா ஜோராஸாங்கோவில் ஒரு வீடு உட்படப் பங்கு கிடைத்திருக்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் மத விஷயத்தில் மனத்தாங்கல் இருந்தது மெய்யாகலாம். உறவு அற்றது என்பது மெய்யன்று. தாயாரோடு இருந்த பிணக்கு அதனினும் ஆழமானது. தாரிணி தேவி கூண்டேறினால் அவரிடம் கேட்பதற்கென்று ராஜாவின் வக்கீல்கள் எழுதி வைத்த வினாக்களில், மத விரோதத்தால் இவ்வழக்கை அம்மாளே தூண்டிவிட்டார் அல்லவா என்பதும் ஒன்று. தாயார் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. பெற்ற தாயை நோக்கி அப்படி ஒரு வினா எழுதும்படியான நிலைமையைப் பற்றி நாம் இங்கே அதிகம் சொல்ல விரும்பவில்லை.

நமக்குப் பிடிக்காத விஷயங்களும் அக்காகிதங்களில் உள. தகப்பனார் கடனுக்காகச் சிறை புகுந்தார்; தமையனார் ஜகமோகனர், சர்க்கார் வரிப் பாக்கிக்காக 1801 முதல் மேதினிபுரம் சிறையில் கிடந்தார். அதே காலத்தில் ராஜா கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு ஆயிரக்கணக்கில் கடன் கொடுத்துவந்தார். தமையனாருக்கு அவர் கொடுத்த 1,000 ரூபாய்க்கும் பத்திரமும் வட்டியும் உண்டு. பாகம் பிரிந்த சகோதரனுக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை என்று வாதிக்கலாம், நாமே வாதித்துக்கொள்ளலாம். ஆனால் அவரைச் சிறு வயது முதலே சர்வ தியாகியாகச் சித்திரிக்கும் நூல்கள் இச்செய்தியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் கணக்கில் கெட்டிக்காரர். நில வியாபாரமும் வட்டித் தொழிலும் அறிந்த மனிதர். பிற்காலத்தில் எவர் தயவும் வேண்டாமல், பாதிரிமாரோடும் பண்டிதர்களோடும் ஒருங்கே போராட அவருக்குச் சக்தி கொடுத்தது அந்தச் செல்வந்தான்.

அதே காகிதங்கள் அவருக்கு ஒரு பெரிய உபகாரமும் செய்கின்றன. ரங்கபுரத்தில் டிக்பியிடம் திவானாக இருந்து லஞ்சத்தால் சொத்துச் சேர்த்தார் என்று ஒரு வதந்தி நெடுங்காலமாக உலவி வந்தது. ராஜா முதல் இரண்டு தாலுகாக்களை வாங்கியது 1799இல். அப்போது அவர் கம்பெனி உத்தியோகத்தில் காலெடுத்து வைத்ததே இல்லை. ரங்கபுரம் போனது அதற்குப் பத்து வருஷம் கழித்து. அங்கும் டிக்பி அவரைத் திவானாக நியமிக்கச் சிபாரிசு செய்தபோது, ரெவினியூ போர்டார் அவரைப் பற்றிப் பிரதிகூலமாகக் கேள்விப்பட்டதாக எழுதி மறுத்துவிட்டார்கள். போர்டாரின் இந்த வார்த்தையை எதிர்க்கட்சியார் எடுத்துக் காட்டுவார்கள், காட்டட்டும். கேள்விப்பட்டோம் என்பது ருசுவன்று. உத்தியோக காலத்திலும் அவர் நிலம் வாங்கினார் என்பதை நாம் மறைக்கவில்லை. மூலதனம் அதற்கு முன்பே இருந்தது என்பதே நாம் சொல்வது.

கட்டுக்கதை போலத் தோன்றி உண்மையாக முடிந்த விஷயமும் ஒன்று உண்டு. 1809 ஜனவரி முதல் தேதி பாகல்பூரில் ராஜா பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நின்ற கலெக்டர் ஸர் பிரெடரிக் ஹாமில்டன், தம்மைக் கண்டு இறங்கி ஸலாம் போடவில்லை என்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். ராஜா அதை விழுங்கிக்கொண்டு போகவில்லை. ஏப்ரல் 12ஆம் தேதியிட்டு கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவுக்கே மனு எழுதினார். அம்மனு சர்க்கார் தஸ்தாவேஜுகளில் கிடைத்தது. ஹாமில்டனுக்கு இனி இப்படி நடக்கலாகாது என்று எச்சரிக்கையும் போயிற்று. உத்தியோகத்துக்கு வெள்ளையர் தயவையே நம்பியிருந்த ஓர் இந்தியன், 1809இல், ஒரு கலெக்டர் மேல் எழுத்து மூலம் புகார் செய்தான் என்பது சாதாரணமன்று. மேடைக்கு வேண்டியது இதுவே. ஆயினும் இதைச் சொல்வோர் மிகச் சிலர்.

பலரும் சொல்வது வேறொன்று. ஜகமோகனர் இறந்தபோது அவர் மனைவியைப் பலாத்காரமாகச் சிதையில் கட்டி எரித்ததை ராஜா கண்ணாரக் கண்டு, இக்கொடுமையை ஒழிக்கும் வரை ஓயேன் என்று அங்கேயே சபதம் செய்தார் என்பது அக்கதை. 1811இல் நடந்ததாகக் காலட் அம்மையாரின் நூலிலும் அது ஏறிவிட்டது. ஜகமோகனர் இறந்தது 1812இல் என்று பின்னர் வெளிவந்த தஸ்தாவேஜுகளால் தெரிகிறது. அப்போது ராஜா, பல நாள் பிரயாணத் தூரத்திலுள்ள ரங்கபுரத்தில் வேலையாக இருந்தார். கோவிந்தப்ரஸாதின் தாயார், அதாவது ஜகமோகனரின் மனைவியான துர்கா தேவி, 1821இல் உயிரோடிருந்து தம் மைத்துனர் மீது தாமும் ஒரு வழக்குத் தொடுத்தார்! ஜகமோகனருக்கு வேறு மனைவியும் இருந்திருக்கலாம் என்று வாதிப்போர்க்கும், ராஜா கண்ணால் கண்டார் என்பதற்கு வழி இல்லை. இக்கதை ராஜாவுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைக்கிறார்கள். சொந்த வீட்டுத் துக்கத்தால் அன்றி, சாஸ்திரங்களை ஆராய்ந்தும் ஊரார் பெண்களின் துயரத்தைக் கண்டும் ஒருவர் 1818இல் அவ்வழக்கத்துக்கு எதிராக நூல் எழுதத் தொடங்கினார் என்பது அதனினும் பெரிய பெருமை அன்றோ?

1814ஐ ஒட்டிக் கல்கத்தாவில் குடியேறிய பின் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1815இல் ஆத்மீய ஸபை. 1821இல் ஸம்வாத கௌமுதி. 1822இல் பாரசீகப் பத்திரிகையான மிராத்-உல்-அக்பர். 1823இல் லைசென்ஸ் இன்றிப் பத்திரிகை நடத்தலாகாது என்று சட்டம் வந்தவுடன், அதற்குத் தலைவணங்காமல் அப்பாரசீகப் பத்திரிகையை நிறுத்திவிட்டார். பத்திரிகை நடத்தும் நமக்கு அச்செயல் என்றும் நினைவில் நிற்கும். 1828இல் பிரம்ம ஸபை தோன்றியது.

உடன்கட்டைத் தடைச்சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். ராஜா கேட்டார், பெண்டிங்க் பிரபு கொடுத்தார் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பெண்டிங்க் 1829 நவம்பரில் எழுதிய குறிப்பின்படி, சட்டத்தால் திடீரென்று தடுப்பதை ராஜா விரும்பவில்லை. போலீஸ் கட்டுப்பாடுகளால் படிப்படியாகக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னார். அந்நிய சர்க்கார் நம் மதத்தில் கை வைக்கிறது என்ற கூச்சல் கிளம்பும் என்பது அவர் அச்சம். பெண்டிங்க் கேளாமல் டிசம்பர் 4ஆம் தேதி சட்டம் செய்தார். சட்டம் வந்தபின் ராஜா பின்வாங்கவில்லை. அதை ரத்து செய்விக்க வைதிகர்கள் பிரிவி கவுன்ஸிலுக்குப் போட்ட அப்பீலை எதிர்க்க இங்கிலாந்து போனார். 1832 ஜூலையில் அப்பீல் தள்ளுபடியாயிற்று. யோசனையில் தயங்கியவர் காரியத்தில் உறுதியாக நின்றார் என்பதை மறைப்பானேன்?

தில்லி பாதுஷா அளித்த ராஜா பட்டத்தோடு, அவருடைய உபகார வேதன வழக்கையும் எடுத்துக்கொண்டு, 1830 நவம்பரில் கப்பலேறியவர், திரும்பி வரவில்லை. பிரிஸ்டலுக்கு அருகே ஸ்டேபிள்டன் கிரோவ் மாளிகையில் காய்ச்சலாய்க் கிடந்து, 1833 செப்டம்பர் 27ஆம் தேதி பின்னிரவில் உயிர் நீத்தார். வைத்தியம் பார்த்த எஸ்ட்லின் டாக்டரின் தினக்குறிப்பு இருப்பதால், பிறந்த வருஷமே வழக்கில் இருக்கும் மனிதரின் கடைசி நாட்கள் ஏறக்குறைய மணிவாரியாக நமக்குத் தெரிகின்றன.

அவர் கிறிஸ்தவராக இறந்தார் என்று அக்காலத்திலேயே சிலர் பேசினர். உயிர் பிரிந்தபோது மார்பில் பூணூல் இருந்தது. தம்மைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்தால், ஜாதி போயிற்று என்று சொல்லித் தம் பிள்ளைகளின் சொத்துரிமையைப் பங்காளிகள் கெடுக்கக்கூடும் என்று அவர் முன்பே அஞ்சியிருந்தார். வழக்கில் அடிபட்டவரல்லவா? ஆகையால் அக்டோபர் 18ஆம் தேதி, அம்மாளிகைத் தோட்டத்து மரங்களின் கீழ், நண்பர்கள் சிலர் சூழ்ந்து நிற்க, எந்த மதத்துச் சடங்கும் இன்றி, யாரும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரை அடக்கம் செய்தார்கள்.