டாக்டர் கிரிபித் ஈவான்ஸ்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் காலத்தில், பண்பொழியில் திருமலைக் குமரன் சந்நிதியின் அடிவாரத்திலே மேயும் மாடுகள் வாலை விளாசியும் தலையை உதறியும் ஈக்களை ஓட்டுவது நமக்குப் பழகிய காட்சி. பழகிய காட்சியாதலால் அதனைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. சிந்தித்த ஒருவரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

கிரிபித் ஈவான்ஸ் 1835-ம் வருஷம் வேல்ஸ் நாட்டிலே பிறந்தவர். முதலில் மிருக வைத்தியம் கற்றுப் பீரங்கிப் படையில் உத்தியோகம் ஏற்றார். பட்டாளத்தோடு கனடா சென்றபோது, ஓய்வு நேரத்தை வீணாக்காமல் மான்ட்ரீல் நகரத்து மக்கில் கலாசாலையில் மனித வைத்தியமும் பயின்று 1864-ல் பட்டம் பெற்றார். இரண்டு வித்தைகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததன் பயனைப் பின்னர் உலகம் கண்டது.

1877-ல் அவர் இந்தியா வந்தார். 1880-ல் எல்லைப்புறமான டேரா இஸ்மாயில் கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சுர்ரா’ என்னும் நோயால் மெலிந்து மடிந்துகொண்டிருந்தன. காரணம் அறிந்துவர ஈவான்ஸை அனுப்பினார்கள். நோயுற்ற பிராணிகளின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்த அவர், பாம்புபோல் நெளிந்தோடும் நுண்ணுயிர்களைக் கண்டார். அந்த ரத்தத்தை நல்ல பிராணிக்குச் செலுத்தினார். அதற்கும் நோய் கண்டது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆயினும் கல்கத்தாவின் நிபுணர்கள் ஒப்பவில்லை. அவர்களில் ஒருவரான டாக்டர் திமோதி லூயிஸ், இதுபோன்ற உயிர்களை எலிகளின் ரத்தத்தில் ஏற்கெனவே கண்டு 1878-ல் எழுதியிருந்தார். எலிகள் சுகமாகவே திரிந்தன. ஆகவே குதிரையின் ரத்தத்திலுள்ளதும் தீங்கற்றதே என்பது அவர்கள் தீர்ப்பு. லூயிஸ் அற்பமானவரல்லர், மனித ரத்தத்தில் யானைக்கால் நோயின் புழுக்குஞ்சுகளைக் கண்டவர் அவரே. அறிஞரும் தவறுவர் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஈவான்ஸ் வாதாடி வெற்றிபெறவில்லை. காலம் அவருக்காக வாதாடிற்று. 1885-ல் அக்கிருமிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1895-ல் ஆப்பிரிக்காவில் டேவிட் புரூஸ், கால்நடைகளைக் கொல்லும் ‘நகானா’ நோய்க்கும் இவ்வினத்துக் கிருமியே காரணமெனக் கண்டார். 1902-ல் மனிதரைக் கொல்லும் ஆப்பிரிக்க உறக்க நோயின் கிருமியும் இதே குலத்தது என்று தெளிவாயிற்று. 1917-ல் லிவர்பூல் வைத்தியக் கழகம் முதியவரான ஈவான்ஸுக்குப் பதக்கம் அளித்தது. நூறு வயது நிரம்பி 1935-ல் அவர் காலமானார்.

ஆனால் கதை அவரோடு முடியவில்லை. சுர்ரா மனிதரைத் தொடாது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தோம். 2004-ல் மகாராஷ்டிரத்தில் மாடு வளர்க்கும் ஒரு குடியானவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டது. அவர் ரத்தத்திலே ஈவான்ஸின் கிருமி நெளிந்தது. அதை அழிக்கும் இயற்கைப் புரதம் அவர் உடம்பில் இல்லாமற் போயிருந்ததைப் பின்னர் கண்டறிந்தனர். சூராமின் மருந்தால் அவர் பிழைத்தார். இத்தகைய சம்பவம் அபூர்வமே, பீதிக்கு இடமில்லை. ஆனால் அசட்டைக்கும் இடமில்லை.

குதிரையும் நாயும் சுர்ராவால் சாகும்; பசுவும் எருமையுமோ பலசமயம் நோய்க்குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கும். மாட்டு ஈ ஒன்றின் ரத்தத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும். ஆரியங்காவுக் கணவாயை அடுத்த நம் ஊர்களிலே மாடுகள் எல்லை கடந்து போவதும் வருவதும் வழக்கம். மாடு கிருமியைச் சுமக்கிறதா என்பதைத் தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். கையில் காயத்தோடு மாட்டின் ரத்தத்தைத் தொடலாகாது. காய்ச்சல் நீடித்தால், தாம் மாடு மேய்ப்பவர் என்பதை வைத்தியரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

மாட்டாஸ்பத்திரிக்கும் மனித ஆஸ்பத்திரிக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவரை, இரண்டு பட்டம் பெற்ற ஒரு மனிதர் 1880-லேயே தாண்டிக் காட்டினார். அச்சுவரை இடிக்கும் பொறுப்பு, கிராமத்துக்குத் தொண்டு செய்ய முன்வந்திருக்கும் நம் ஊழியர்களுடையது.