சாஸ்திரியாரின் இரு கையெழுத்துக்கள்

தேசத் தலைவர்கள் உடன்படிக்கை செய்துகொள்ளும் காட்சியைப் பத்திரிகைப் படங்களில் காண்பது நமக்குப் பழகிப்போன விஷயம். மேஜையின் மீது காகிதக் கட்டு, கையில் பேனா, பின்னால் அணிவகுத்து நிற்கும் மந்திரிகள், முடிவில் ஒரு கைகுலுக்கல். இவற்றைக் கண்டவுடன் நெடுநாள் வழக்கொன்று தீர்ந்ததென்று மனம் ஆறுதல் கொள்கிறது. ஆனால் அக்காகிதம் எவருடைய வீட்டையும் வாழ்வையும் நிர்ணயிக்கிறதோ, அவர்கள் அப்படத்தில் இடம்பெறுவதில்லை. ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி பிரதம மந்திரியாக இருந்த பத்தொன்பது மாதங்களுக்குள் இரண்டு பெரிய உடன்படிக்கைகளைச் செய்தார். தாஷ்கண்டில் செய்ததைத் தேசம் முழுதும் அறியும். டில்லியில் செய்த மற்றொன்றின் பலனைக் காண விரும்புவோர் நீலகிரியில் நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் சென்றாற் போதும். அப்பெரியாரின் சரித்திரத்தை இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே நியாயமென்று நாம் கருதுகிறோம்.

சாஸ்திரியார் 1904-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி காசிக்கு அருகிலுள்ள மொகல்சராயில் பிறந்தார். தந்தை சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராயிருந்து பின்னர் ரெவினியூ காரியாலயத்தில் குமாஸ்தாவானவர். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் காலமானார். தாயார் ராம்துலாரி தேவி பிறந்தகம் சென்று மக்களை வளர்த்தார். 1921-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு பிறந்தபோது லால் பகதூர் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர் காசி வித்யாபீடத்தில் பயின்று 1925-ல் சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். ஜாதியைக் காட்டிய ஸ்ரீவாஸ்தவா என்ற பெயரை உதறியவருக்கு அப்பட்டமே நிலையான பெயராயிற்று. லாலா லஜபதி ராய் நிறுவிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்து சொற்ப ஊதியத்தில் தொண்டு செய்தார். சுதந்திரப் போரில் பலமுறை சிறை புகுந்தார். வாழ்நாளின் பல வருஷங்கள் சிறைச்சாலையிலேயே கழிந்தன.

தமிழ்நாடு அவரை நன்கறிந்தது ஒரு துயர நாளில்தான். அவர் மத்திய சர்க்காரில் ரயில்வே மந்திரியாயிருந்தபோது, 1956 நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி ஆற்றில் விழுந்து 140-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே அவர் ராஜினாமாக் கொடுத்தார். நேருஜி அதை ஏற்கவில்லை. இம்முறை ஏற்கும்படி நேர்ந்தது. பாலத்தைக் கட்டியவரும் அவரல்லர். மழையைப் பெய்வித்தவரும் அவரல்லர். ஆயினும் தம் இலாகாவில் நேர்ந்த உயிர்ச்சேதத்துக்குத் தாமே ஜவாப்தாரி என்று கொண்டு பதவியைத் துறந்தார். பதவியைப் பற்றி நிற்போர் மலிந்த உலகில் இச்செயல் இன்றளவும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

1963-ல் ஸ்ரீ காமராஜர் வகுத்த திட்டத்தின்படி மந்திரி பதவியை விட்டோரில் சாஸ்திரியாரும் ஒருவர். மறுவருஷம் நேருஜி மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராஜர் எல்லோரையும் கலந்து அவரையே பிரதம மந்திரியாக்கினார். 1964 ஜூன் 9-ந் தேதி பதவியேற்ற அவரை உணவுப் பஞ்சம் முதலிற் சந்தித்தது. 1965-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டது, ஸ்ரீ சி. சுப்பிரமணியமும் ஸ்ரீ ஓ.வி. அளகேசனும் மந்திரி பதவிகளை விடுவதாக ராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். அப்போது வானொலியில் பேசிய சாஸ்திரியார், ஹிந்தி பேசாத மாகாணங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்குமென்று உறுதியளித்தார். பிறர் குறையைக் கேட்டு இணங்கும் குணம் அவரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று.

இத்தகையவர் முன்னால்தான் இலங்கைப் பிரச்னையும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் ஏழை ஜனங்கள், கண்டி மலைகளில் காப்பி பயிரிடவும் பின்னர் தேயிலை பயிரிடவும் கொண்டுசெல்லப்பட்டனர். காட்டை அழித்து அந்நாட்டின் செல்வத்தை உண்டாக்கியவர் அவர்களே. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே நிறைவேறிய பிரஜா உரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கியது; அடுத்து வாக்குரிமையும் போயிற்று. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்நாட்டுப் பிரஜைகளே என்பது நேருஜியின் கட்சி. 1954-ல் ஸர் ஜான் கொத்தலாவலையுடன் அவர் செய்துகொண்ட உடன்பாடும் பயன் தரவில்லை.

1964 அக்டோபரில் ஸ்ரீமதி சிரிமாவோ பண்டாரநாயகா டில்லிக்கு வந்தார். பேச்சு முடிந்து 30-ந் தேதி இரு பிரதமர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது, எல்லாம் பதினைந்து வருஷங்களில் நிறைவேறுவது என்று ஏற்பாடாயிற்று. 1962-ல் சீனருடன் நேர்ந்த போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பு இந்தியாவுக்கு இன்றியமையாததாயிருந்தது. நெடுங்காலமாக அந்தரத்தில் நின்ற ஜனங்களுக்கு ஏதேனும் ஒரு நாடு வேண்டும் என்பதும் மெய்யே. ஆயினும் அவர்களுடைய தலைவரான ஸ்ரீ சௌமியமூர்த்தி தொண்டமான் முதலானோர் இவ்வொப்பந்தத்தைக் கண்டித்தனர். சம்பந்தப்பட்ட ஜனங்களைக் கேளாமலே அவர்களைத் தொகை பிரித்தது நியாயமன்று என்ற அவர்களுடைய குறைக்கு இன்றுவரை தக்க விடையில்லை என்றே நாம் எண்ணுகிறோம்.

மறுவருஷம் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. உருவிற் சிறிய அம்மனிதர் அப்போது காட்டிய உறுதியைத் தேசம் வியந்தது. செப்டம்பரில் போர் நின்றபின், சோவியத் பிரதமர் கோசிகின் அழைப்பின்பேரில் சாஸ்திரியாரும் அயூப் கானும் தாஷ்கண்டில் கூடினர். 1966 ஜனவரி 10-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிப்ரவரி 25-ந் தேதிக்குள் இரு படைகளும் 1965 ஆகஸ்டு 5-ந் தேதிய நிலைகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். வீரர்கள் உயிர் கொடுத்துப் பிடித்த ஹாஜிபீர் கணவாயை விட வேண்டியிருந்ததால் அவருக்குச் சுதேசத்தில் வசைமொழி காத்திருந்தது. அவ்வசையைக் கேட்க அவர் திரும்பவில்லை. அன்றிரவு கழியுமுன், 11-ந் தேதி அதிகாலையில், தாஷ்கண்டிலேயே காலமானார். முதல் நாள் கைகுலுக்கிய அயூப் கானே அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த காட்சியைப் பத்திரிகைகள் வெளியிட்டன.

ஆகவே தாம் செய்த இலங்கை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததை அவர் காணவில்லை. அதற்கான சட்டம் இலங்கையில் 1967-ல்தான் இயற்றப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒப்பந்தமான இரண்டு மாதங்களுக்குள் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டபடியால், பின்னர் வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமிலிருந்து ஜில்லா ஜில்லாவாக அனுப்பப்பட்டனர். 1984-ல் கப்பல் நிற்கும்வரை வந்தவர்கள், பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நான்கு லக்ஷத்துக்கு மேற்பட்டோர். தாயகம் திரும்பியோர் என்று அவர்களை அழைத்தோம். ஆனால் பலர் அந்நாளுக்கு முன் இந்நாட்டைக் கண்டதேயில்லை. கடை வைக்கக் கடன் பெற்று வறண்ட சீமைகளில் குடியேறியோர் பலர் அத்தொழில் அறியாமல் நொடித்துப்போய், தாம் அறிந்த தேயிலையையும் குளிரையும் நாடி நீலகிரிக்கு வந்தனர்.

இவர்களுக்கென்றே 1968-ல் சர்க்கார் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இவர்களுடைய கைகளே புதிய தோட்டங்களை உண்டாக்கின. நடுவட்டத்தில் கொயினா மருந்துக்காகச் சின்கோனா மரம் வளர்த்த வெள்ளையர் சர்க்கார், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சீனக் கைதிகளை அங்கே சிறைவைத்து வேலை வாங்கியது. அச்சிறையைக் காட்சிசாலையாக்கியதும் இக்கழகந்தான். விருப்பம் கேளாமல் எங்கோ செய்த முடிவால் மனிதர் வந்து சேர்வது அம்மலைக்குப் புதிதன்று.

கழகம் நஷ்டமடைந்து, தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித் தருவதென்று 2022-ல் முடிவாயிற்று. வேலை ஓய்ந்ததும் குடியிருப்பை விட வேண்டுமே என்ற கவலை தொழிலாளரைப் பற்றியது. சொந்த மனைக்கும் பட்டாவுக்கும் ஏங்கும் குடும்பங்கள் அம்மலைகளில் பல. இலங்கையில் நாடில்லாதிருந்தோரின் வழித்தோன்றல்கள் இங்கே வீடில்லாதிருப்பது தகுமா?

சாஸ்திரியாரின் நேர்மையை எவரும் சந்தேகித்ததில்லை. டில்லி ஒப்பந்தத்தின் குறையைச் சொல்வதால் அவர் பெருமை குன்றாது. அவர் இருந்திருந்தால் அதன் விளைவுக்கு எவ்வாறு ஜவாப் சொல்லியிருப்பார் என்பதை மருதையாற்றங்கரையில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கொண்டு ஊகிக்கலாம். தாம் கட்டாத பாலத்துக்குப் பொறுப்பேற்றவர், தாம் இட்ட கையெழுத்தைக் கைவிட்டிருக்கமாட்டார். ஒரு பிரதம மந்திரியின் கையெழுத்து அவருடைய சொந்தக் கையெழுத்தன்று. அது தேசத்தின் வாக்கு. அவர் மறைந்தாலும் தேசம் மறையவில்லை. அம்மலை ஜனங்களுக்கு மனையும் பட்டாவும் நிலையான பிழைப்பும் அளித்து அவ்வாக்கை நிறைவேற்றுவது மத்திய சர்க்காருக்கும் மாநில சர்க்காருக்கும் உரிய கடமையாகும். அதைச் செய்வதே சாஸ்திரியாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி.