நகைச்சுவை காத்த நங்கை

மக்களை அழச் செய்வதினும் சிரிக்கச் செய்வது அரிது என்பர். அவ்வாறு சிரிக்கச் செய்தோருள்ளும் தம் கலையைக் காலம் கவர்ந்து செல்லாதவாறு போற்றி வைத்தோர் மிகச் சிலர். மேடை நாடகம் திரை விழுந்ததும் மறைந்துபோம். தொலைக்காட்சி தோன்றிய தொடக்க நாளில் அதன் நிகழ்ச்சிகளும் அவ்வாறே மறைந்தன. அமெரிக்க நாட்டில் டூமாண்ட் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளுள் எஞ்சி நிற்பன மிகச் சிலவே. அக்காலத்திலேயே 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒரு நகைச்சுவைத் தொடர் நாடகமோ, அதில் தலைமை வேடங்களில் நடித்தோர் மறைந்த பின்னரும் உலகெங்கும் கண்டு மகிழப்படுகிறது. ‘ஐ லவ் லூசி’ என்பது அதன் பெயர். அதன் தலைவியாய் நடித்தவர் லூசில் பால் அம்மையார்.

அம்மையார் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தொலைபேசிக் கம்பி அமைக்கும் தொழிலாளி. குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியிருந்தபோது, 1915ஆம் ஆண்டில், அவர் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். தாயின் தந்தையார் பிரெட் ஹண்ட் என்பவரே குடும்பத்துக்குத் துணையாய் நின்றார். பேத்தியை நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று ஆடலும் பாடலும் கோமாளிக் கூத்தும் காட்டி மகிழ்ந்தவர் அம்முதியவரே. அவரும் நெடுநாள் நலமாய் வாழ்ந்திலர். 1927ஆம் ஆண்டில் அவர் வீட்டுத் தோட்டத்தில் சிறுவர் துப்பாக்கி பழகும்போது அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் குண்டடிபட்டான். அதனால் எழுந்த வழக்கில் கிழவர் தம் வீட்டையே இழந்தார்.

பதினைந்து வயதில் லூசில் நியூயார்க் நகரத்து நாடகப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். மிகவும் கூச்சமுடையவராதலின் அங்கு வாய் திறக்கவும் அஞ்சினார். இப்பெண்ணுக்கு நடிப்பு வராது, பணத்தை வீணாக்க வேண்டா எனப் பள்ளியார் தாய்க்குத் தெரிவித்துவிட்டனர். ஆசிரியர் கணிப்பும் சில வேளைகளில் பொய்த்துப்போவதுண்டு. பின்னர் அவர் ஆடைக் கடையொன்றில் புத்தாடை அணிந்து காட்டும் பணி செய்து வயிறு வளர்த்தார். இடையே மூட்டுநோய் வந்து நெடுநாள் நடக்க இயலாது வருந்தினார். 1933ஆம் ஆண்டில் ஹாலிவுட் நகரம் புகுந்து, கூட்டத்தில் ஒருத்தியாய் நிற்கும் சிறு வேடங்களை ஏற்றார். அடுத்து ஆர்.கே.ஓ. என்னும் படநிறுவனத்தில் சம்பளத்துக்கு அமர்ந்தார். படங்கள் பல வந்தன, பெரும்புகழ் வரவில்லை.

1940ஆம் ஆண்டில் ஒரு படப்பிடிப்பின்போது டெசி ஆர்னாஸ் என்னும் இசைக்கலைஞரைக் கண்டு, அவ்வாண்டு நவம்பர் இறுதியிலேயே அவரை மணந்தார். டெசி கியூபா நாட்டில் பிறந்தவர். அரசியல் புரட்சியால் குடும்பச் செல்வம் யாவும் இழந்து, அமெரிக்கா வந்து, பாட்டும் முழவும் கொண்டு பிழைத்தவர். தம் இசைக்குழுவுடன் ஊர் ஊராய்ச் சென்றுகொண்டிருந்தமையின் கணவனும் மனைவியும் ஓரிடத்தே கூடி வாழ்ந்த நாள்கள் குறைவு. அக்குறையைத் தீர்க்கும் வழி தேடியதன் பயனாகவே பின்னர் அத்தொடர் பிறந்தது.

1948ஆம் ஆண்டு முதல் அம்மையார் சி.பி.எஸ். நிறுவனத்தின் வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்து வந்தார். அதனைத் தொலைக்காட்சிக்கு மாற்ற நிறுவனத்தார் விரும்பினர். தம் கணவரே நாடகத்திலும் கணவராய் நடித்தல் வேண்டும் என்றார் அம்மையார். அயல்நாட்டு உச்சரிப்புடைய கியூபா நாட்டாரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்கமாட்டார் என நிறுவனத்தார் தயங்கினர். அவருடன் வாதிடாது, 1950ஆம் ஆண்டில் இருவரும் ஊர்தோறும் சென்று மேடையேறி நடித்தனர். மக்கள் கைகொட்டி வரவேற்றனர். அதற்குமேல் நிறுவனத்தார் மறுக்க வகையில்லை. 1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள் மாதிரி நாடகம் ஒன்று பதிவு செய்யப்பெற்றது.

அடுத்து எழுந்த சிக்கலே மிகப் பெரிது. அக்காலத்தில் நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க் நகரில் நடிக்கப்பெற்று அப்பொழுதே ஒளிபரப்பப்பட்டன. தொலைவிலுள்ள ஊர்களுக்கு, தொலைக்காட்சிப் பெட்டியின் திரையையே படக்கருவியால் படம் பிடித்து, அச்சுருளை அனுப்புவர். கினெஸ்கோப் எனப்பட்ட அப்படங்கள் மங்கலாய், பனிமூடிய கண்ணாடி வழியே பார்ப்பனபோல் இருந்தன. நாடகத்துக்குப் பொருளுதவி செய்ய முன்வந்த பிலிப் மாரிஸ் என்னும் சிகரெட்டு நிறுவனத்தார், நடிகர் நியூயார்க்குக்கே வரல்வேண்டும் என்றனர். அம்மையாரோ அப்போது முதற்குழந்தையைக் கருவுற்றிருந்தார். ஹாலிவுட்டிலுள்ள இல்லத்தை விட்டுப் பெயர விரும்பவில்லை. திரைப்படம்போலவே உயர்ந்த படச்சுருளில் எடுத்து அனுப்பினால் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரியுமே என்று டெசி கூறினார். ஆனால் அதற்குச் செலவு மிகுதி. மிகுந்த செலவின் பொருட்டு இருவரும் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்தனர். அதற்கு ஈடாகப் படச்சுருள்கள் தமக்கே உரிமையாதல் வேண்டும் என்று கேட்டனர். ஒருமுறை காட்டிய நாடகத்தை மறுமுறை யார் பார்ப்பர் என்று எண்ணிய நிறுவனத்தார் உடனே உடன்பட்டனர்.

படமெடுக்கும் பொறுப்பு, ‘மெட்ரோபொலிஸ்’ என்னும் பழைய ஜெர்மானியப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்து புகழ்பெற்ற கார்ல் பிராய்ண்ட் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 பேர் நேரில் அமர்ந்து பார்க்க, நாடகம் தொடக்கமுதல் இறுதிவரை மேடையிற்போல் நடிக்கப்பெறும்; மூன்று படக்கருவிகள் ஒருசேர அதனைப் பதிவு செய்யும். முகத்தை அண்மையில் எடுப்பதற்கும் அரங்கைத் தொலைவில் எடுப்பதற்கும் வெவ்வேறு ஒளியமைப்பு வேண்டுமாதலின் இது முடியாத செயல் எனப்பட்டது. பிராய்ண்டோ மேலிருந்து எங்கும் சமமாய் ஒளி பரவச் செய்து அத்தடையை வென்றார். பல கருவிகளால் ஒருசேரப் படமெடுத்தல் முன்னரும் முயலப்பட்டதே. எனினும், வாரந்தோறும் தவறாது நடத்தத்தக்க முறையாக அதனைச் செப்பஞ்செய்த பெருமை இவர்களுடையது. கேட்கும் சிரிப்பும் அங்கு அமர்ந்திருந்தோரின் சிரிப்பே.

1951ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. விவியன் வான்சு, வில்லியம் பிராலி ஆகியோர் பக்கத்துக் குடியிருப்பினராக நடித்தனர். மேடை ஏறத் துடிக்கும் மனைவியும் அவளைத் தடுத்துத் தோற்கும் கணவனுமாகக் கதை வளர்ந்தது. ஒவ்வொரு கோணங்கிச் செயலையும் பலமுறை பழகிய பின்னரே அம்மையார் மக்கள்முன் தோன்றுவார். பார்ப்போர்க்கு அது தற்செயல்போலத் தோன்றும்.

1952ஆம் ஆண்டில் அவர் மீண்டும் கருவுற்றார். கருவுற்ற பெண்ணைத் தொலைக்காட்சியில் காட்டுதலும் அச்சொல்லை வழங்குதலும் அந்நாளில் தகாதனவாகக் கருதப்பட்டன. எனினும் கதையிலும் லூசி தாயாவதாகவே எழுதினர். 1953ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் இரவு நாடகத்தில் குழந்தை பிறந்தது. அதே நாளில் அம்மையாருக்கும் ஆண்மகவு பிறந்தது. ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் மக்கள் அப்பகுதியைக் கண்டனர் எனக் கணக்கிட்டனர். தாய் ஓய்வெடுத்த காலத்தில் பழைய பகுதிகளையே, கதைமாந்தர் முன் நிகழ்ந்ததை நினைவுகூர்வதுபோலப் புதுத் தொடக்கம் சேர்த்து, மறுபடியும் காட்டினர். மக்கள் சலிப்பின்றிப் பார்த்தனர். ஒருமுறை காட்டியதற்கு மதிப்பில்லை என்னும் எண்ணம் அன்றே தகர்ந்தது.

அவ்வாண்டிலேயே அம்மையாருக்கு ஓர் இடுக்கணும் நேர்ந்தது. 1936ஆம் ஆண்டில் தாத்தாவின் மனம் நோகாதிருக்கவேண்டி வாக்காளர் பதிவில் பொதுவுடைமைக் கட்சி சார்பாகத் தம் பெயரைப் பதிந்திருந்தார். அதுபற்றி நாடாளுமன்றக் குழு உசாவிற்று. செய்தி வெளிவந்த பின்னர் நிகழ்ந்த படப்பிடிப்பின்போது டெசி மக்கள்முன் நின்று உண்மையை எடுத்துரைத்தார். மக்கள் எழுந்து ஆரவாரித்தனர். குற்றமற்றவர் எனக் குழுவும் ஏற்றது.

1957ஆம் ஆண்டு மே மாதத்தில் அரைமணி நேர நாடகம் 180 பகுதிகளோடு நிறைவுற்றது. ஏறக்குறைய அக்காலத்தில் இருவரும் தம் படச்சுருள்களின் உரிமையைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கே பல இலட்சம் டாலருக்கு விற்றனர். அவ்வாண்டிலேயே, அம்மையார் முன்னர்ச் சிறு நடிகையாய்ச் சம்பளம் பெற்ற ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையங்களைத் தம் டெசிலு நிறுவனத்துக்காக விலைக்கு வாங்கினர். வணிக நோக்கில் அது வெற்றியே. ஆயினும் வறுமைக்கு அஞ்சாது காத்த உரிமையைச் செல்வம் வந்தபோது கைவிட்டனர் என்பதையும் சொல்லாது விடுதற்கில்லை. 1960ஆம் ஆண்டில் இருவரும் மணவாழ்விலிருந்து பிரிந்தனர். 1962ஆம் ஆண்டில் கணவர் பங்கையும் வாங்கி அம்மையார் டெசிலுவின் தலைவரானார். ‘ஸ்டார் டிரெக்’ முதலிய தொடர்கள் அவர் தலைமையில் தோன்றின. 1967ஆம் ஆண்டில் நிறுவனத்தை விற்ற பின்னரும் நடிப்பை விட்டாரில்லை. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், இதய அறுவை மருத்துவம் செய்துகொண்ட சில நாளில் உயிர்நீத்தார்.

இனி அவர் காத்த படங்களின் கதை. மறு ஒளிபரப்பில் அவை பலவாறு மாற்றப்பட்டன. முதலில் ஒவ்வொரு பகுதியும், குச்சி உருவங்களாய் லூசியும் கணவனும் துள்ளி வரும் கேலிச்சித்திரத்தோடு தொடங்கிற்று. ‘டாம் அண்டு ஜெர்ரி’ படங்களால் புகழ்பெற்ற ஹான்னா, பார்பெரா ஆகியோரின் கைவண்ணம் அது. பொருளுதவியோர் மாறியபின் அதனை நீக்கி, பட்டுத்துணியின்மேல் இதய வடிவம் தீட்டிய முகப்பைச் சேர்த்தனர். நாடகத்தின் மூலமுகப்பே அதுதான் எனப் பின்வந்த தலைமுறையினர் நம்பினர். ஏடெழுதுவோன் சேர்த்த இடைச்செருகல் மூலமாகவே கொள்ளப்படுவது போன்றது இது. மிகுதியான விளம்பரங்களுக்கு இடமளிக்கவேண்டி ஒளிபரப்பு நிலையத்தார் காட்சிகளையும் ஆங்காங்கே வெட்டினர். நகைச்சுவையில் ஓர் இமைப்பொழுது மௌனமும் உயிருடையது. அதனை வெட்டினால் அடுத்து வரும் சிரிப்புக்குப் பொருளில்லை. 1957ஆம் ஆண்டு நவம்பரில் 75 நிமிடம் ஓடிய ஒரு சிறப்புப் பகுதி பின்னர் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் பகுதியோ மறு ஒளிபரப்புத் தொகுதியிலே சேர்க்கப்படாமல் 1989ஆம் ஆண்டு வரை மறைந்து கிடந்தது.

வீட்டில் இட்டுப் பார்க்கும் ஒளித்தட்டுகள் வந்தபோது இக்குறைகளுக்குத் தீர்வு பிறந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெளியான டி.வி.டி. தொகுதிகளிலும், 2014ஆம் ஆண்டு வெளியான முதற்பருவத்தின் புளூ-ரே தொகுதியிலும், மூலச்சுருள்களைத் தேடித் தூய்மை செய்து, வெட்டிய காட்சிகளைச் சேர்த்துத் தந்தனர். பழைய கேலிச்சித்திர முகப்புகளும் மீண்டன. அம்மையார் ஓய்விலிருந்தபோது சேர்த்த நினைவுகூர்தல் காட்சிகளும் 75 நிமிடச் சிறப்புப் பகுதியும் முழுமையாகக் கிடைத்தன. முகப்பிலுள்ள சிகரெட்டு விளம்பரம் இளைஞர்க்கு ஆகாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது அக்கால வழக்கின் சான்று. அதனை மறைத்துவிட்டு மூலம் இதுவே எனக் காட்டுதல் நேர்மையாகாது. 2013ஆம் ஆண்டு முதல் சில பகுதிகளுக்கு வண்ணம் தீட்டியும் ஒளிபரப்பினர். அம்மையாரின் புகழ்பெற்ற செம்பட்டைக் கூந்தலைக் காணச் சிறுவர்க்கு விருப்பம் இருத்தல் இயல்பே. எனினும் பிராய்ண்ட் ஒளியையும் நிழலையும் கருதி அமைத்த படத்தில் பிறர் பூசிய வண்ணம் அது. வண்ணப்படத்தோடு கருப்பு வெள்ளை மூலமும் கிடைக்கும்வரை தீங்கில்லை.

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எடுத்த அம்மாதிரி நாடகம் தொலைந்துபோயிற்று என்றே நாற்பதாண்டுக் காலம் கருதப்பட்டது. அதில் நடித்த பெப்பிட்டோ என்னும் ஸ்பெயின் நாட்டுக் கோமாளிக்கு ஒரு படி நன்றியறிதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் மறைந்த பின்னர், அவர் மனைவியார் வீட்டில் இருந்த அதனை எடுத்துத் தந்தார். அம்மையார் இறந்து ஓராண்டு கழிந்தபின் 1990ஆம் ஆண்டில் சி.பி.எஸ். அதனை ஒளிபரப்பிற்று, பின்னர் ஒளித்தட்டிலும் சேர்ந்தது. மங்கலான அப்படத்தில், வயிற்றில் ஐந்து திங்கள் குழந்தையைத் தளர்ந்த ஆடையால் மறைத்துக்கொண்டு, கோமாளி வேடமிட்டுத் துள்ளுகிறார் லூசில் பால்.