67 வயதில் ஆஸ்பத்திரி திறந்த அம்மையார்

1954-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி. சென்னை அடையாறில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதில் இருந்தவை 12 படுக்கைகள்தான். புற்றுநோய்க்கு மட்டுமே வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி அது.

அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் ஒரு பெண்மணி. அப்போது அவருக்கு வயது 67. பேரன் பேத்திகளோடு ஓய்வாக இருக்க வேண்டிய வயது. ஆனால் அவர் ஓய்வை விரும்பவில்லை. 30 ஆண்டுகளுக்கு முன் நெஞ்சில் விழுந்த ஒரு காயம் அவரை ஓய்வெடுக்க விடவில்லை.

அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி, 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள், கோவில்களில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே அதிகம். வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். முத்துலட்சுமி விடவில்லை. வீட்டில் இருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார்.

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் அங்கே படிப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. பையன்களின் பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. அவர் உத்தரவு போட்டார். முத்துலட்சுமி கல்லூரியில் சேர்ந்தார்.

டாக்டர் பட்டம்

1907-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர்.

பின்பு எழும்பூரில் உள்ள பெண்கள் – குழந்தைகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் கூசிய காலம் அது. நோயை வெளியே சொல்லாமல் மறைத்து, முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஒரு பெண் டாக்டர் எவ்வளவு தேவை என்பதை முத்துலட்சுமி நேரிலேயே கண்டார்.

1914-ல் அவருக்கும் டாக்டர் சுந்தர ரெட்டிக்கும் திருமணம் நடந்தது. மனைவியைச் சமமாக நடத்த வேண்டும், அவருடைய பணிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இதுதான் முத்துலட்சுமி முன்னதாகவே கேட்டுக்கொண்டது. கணவரும் அதை ஏற்று, அப்படியே நடந்தார். அவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள்.

தங்கையின் சாவு

எல்லாம் நன்றாக நடந்துவந்த நேரத்தில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது.

முத்துலட்சுமியின் தங்கை நோயுற்றார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நோய் குறையவில்லை. பிறகுதான் உண்மை தெரிந்தது. அது மலக்குடலில் வந்த புற்றுநோய்!

அதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்காள் பெரிய டாக்டர். அத்தானும் டாக்டர். இருந்தும் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. தங்கை அணு அணுவாக வேதனைப்பட்டதை அக்காள் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1920-களின் தொடக்கத்தில் தங்கை கண்ணை மூடினார்.

நோயை முதலிலேயே கண்டுபிடித்திருந்தால்? நல்ல சிகிச்சை நம் ஊரிலேயே இருந்திருந்தால்? இந்த இரண்டு கேள்விகளும் முத்துலட்சுமியின் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தன. இந்த நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்தது.

1925-ல் அவர் லண்டன் சென்றார். அங்கே பெண்கள், குழந்தைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி மேல்படிப்புப் படித்தார். புற்றுநோய்க்கு அங்கே எப்படி வைத்தியம் செய்கிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டார்.

சட்டசபையில்

தாயகம் திரும்பியதும் புதிய பொறுப்பு காத்திருந்தது. சென்னை சட்டசபைக்கு அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் உறுப்பினரான முதல் பெண் அவரே. 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் ஆனார்.

கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவர் கொண்டுவந்த மசோதா பல ஆண்டுகள் தூங்கியது. முடிவில் 1947-ல் சட்டம் ஆயிற்று. பெண் குழந்தைகளின் திருமண வயதை உயர்த்தவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் பரிசோதனை நடத்தவும் அவர் குரல் கொடுத்தார்.

1930-ல் காந்திஜி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் தூக்கி எறிந்தார். அப்போது அவருக்கு வயது 44-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பதவி போனதால் அவர் மூலையில் உட்காரவில்லை. போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். முதலில் சில பெண்களே அங்கே இருந்தார்கள். பிறகு அது பெரிதாக வளர்ந்தது.

மறந்துபோன வயது

பெண்ணின் வாழ்வில் 40 வயதுக்கு மேல் ஒரு திருப்பம் வருகிறது. மாதவிலக்கு ஒழுங்கு தவறுகிறது. பிறகு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலும் 45 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் இது நடக்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் மாதவிலக்கு வராமல் இருந்தால், நின்றுவிட்டது என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள்.

சினைப்பையில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதுதான் இதற்குக் காரணம். அந்தச் சமயத்தில் திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவும். வியர்த்துக் கொட்டும். தூக்கம் கெடும். சிறு பேச்சுக்கும் கோபம் வரும், அழுகை வரும். இவை புற்றுநோயின் அறிகுறிகள் அல்ல. இயற்கையான மாற்றங்களே. ஆனால் எலும்பு மெல்ல மெல்ல வலுவிழக்கும். ஆகவே பால், தயிர், கீரை, கேழ்வரகு போன்ற உணவும், தினசரி நடையும் தேவை. தொல்லை அதிகமானால் டாக்டரிடம் சொல்லலாம். அதற்கும் வைத்தியம் உண்டு.

குழந்தை பெறும் வயதில் பெண்ணைக் கவனிக்க ஆள் இருக்கிறது. தாய் வீடு இருக்கிறது, மருத்துவச்சி இருக்கிறாள், பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அவளைக் கவனிப்பவர் யார்? அவளே தன்னைக் கவனிப்பதில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிடுகிறாள்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்நாளில் சென்னைப் பெண்களை அதிகமாகத் தாக்கியது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். ஆரம்பத்தில் வலி இருக்காது. மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடியும் ரத்தம் படும். நாற்றத்தோடு வெள்ளை படும். வயதுக் கோளாறு என்று பெண் பேசாமல் இருப்பாள். வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோய் முற்றியிருக்கும். மார்பில் வலி இல்லாத கட்டி தோன்றினாலும் இதே கதைதான்.

தங்கையின் நோயைச் சீதபேதி என்று எண்ணிக் காலம் கடத்தியதன் பலனை முத்துலட்சுமி அறிவார். ஊரெங்கும் பெண்கள் அதே போலக் காலம் கடத்திச் சாவதை டாக்டரான அவர் எப்படிச் சகிப்பார்?

ஏன் இந்த ஆஸ்பத்திரி?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த விழாவில் அவர் தன் ஆசையை வெளியிட்டார். புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி ஒன்று சென்னையில் வேண்டும் என்றார்.

கேட்டவர்கள் உற்சாகம் காட்டவில்லை. புற்றுநோய் வந்தால் சாவு நிச்சயம். சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதே பலருடைய எண்ணமாக இருந்தது. படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. ஆண்டுகள் ஓடின. நாடு விடுதலை பெற்றது. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 60 வயதைக் கடந்த அம்மையார் அந்த நிதிக்காக ஊக்கத்தோடு உழைத்தார். பெரிய மனிதர்களைப் பார்த்தார். அரசாங்கத்துக்கு மனுமேல் மனு எழுதினார்.

இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர். அவர் வெளிநாடு சென்று புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்தார். தாய் கண்ட கனவுக்கு மகன் தோள் கொடுத்தார்.

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தங்கை இறந்து ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பிறகு அக்காளின் எண்ணம் நிறைவேறியது!

இரண்டு டாக்டர்கள்

1955-ல் சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் அங்கே சேர்ந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி வேலை கிடைத்தும் அதை அவர் வேண்டாம் என்றார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் இரவு பகலாக உழைத்தார்கள். ஏழைகளுக்குப் பணம் இல்லாமலும் வைத்தியம் கிடைத்தது.

பிற்காலத்தில் டாக்டர் சாந்தா அந்த நிலையத்தின் தலைவரானார். 2005-ல் மகசேசே விருது பெற்றார். 2021-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து, அங்கேயே பணி செய்தார். 12 படுக்கைகளோடு பிறந்த ஆஸ்பத்திரி இன்று நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட பெரிய நிலையமாக நிற்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள்.

முத்துலட்சுமி அம்மையாருக்கு 1956-ல் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி அவர் காலமானார். இன்னும் 8 நாள் இருந்திருந்தால் அவருக்கு 82 வயது நிறைந்திருக்கும். தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் பண உதவி செய்யும் திட்டம் அவர் பெயராலேயே நடக்கிறது.

இன்றைய பெண்களுக்கு

அம்மையார் காலத்தில் இல்லாத வசதி இன்று வந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது என்று 1980-களில் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் ஊசி 2006-ல் வந்தது. 9 வயது முதல் 14 வயது வரை உள்ள பெண் குழந்தைகளுக்கு அதைப் போட்டால் நல்ல பலன் உண்டு.

வயது வந்த பெண்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. 30 வயது தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே அதைச் செய்துகொள்ளலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். புற்றுநோய் ஆவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோன்றும் மாறுதலை அதில் கண்டுபிடித்துவிடலாம். அந்த நிலையில் சிறு வைத்தியமே போதும். உயிருக்கு ஆபத்து இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் உள்ள எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓர் ஆண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மார்பில் கட்டி தெரிந்தாலும், புண் ஆறாமல் இருந்தாலும் பார்க்க வேண்டும். பலருக்குப் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.

அம்மா வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கலாம். மகள் கேட்க வேண்டும். மருமகள் கேட்க வேண்டும். கணவர் கேட்க வேண்டும். மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஒரு தங்கையின் உயிரைக் காக்க முடியாத அக்காள், ஆயிரமாயிரம் குடும்பங்களில் தாயைக் காப்பாற்றிக் கொடுத்தார். காலம் கடத்தக் கூடாது என்பதே அவர் வாழ்க்கை சொல்லும் பாடம்.