லைடன்பிராஸ்டு பண்டிதரும் நீர்த்துளியும்

பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் ஒரு துளி நீர் விழுந்தால் அது அக்கணமே மாய்ந்துபோகும் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதைக் காலம் கணக்கிட்டுக் காட்டியவர் யோகான் கொட்லோப் லைடன்பிராஸ்டு என்பவர்.

இவர் 1715ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்திலே ரோஸ்பெர்வெண்டா என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் புதல்வராய்ப் பிறந்தார். முதலில் தேவசாஸ்திரம் கற்கப் புகுந்து, பின்னர் வைத்திய சாஸ்திரத்தில் மனஞ்செலுத்தி, 1741இல் ஹாலே நகரில் பட்டம் பெற்றார். தரங்கம்பாடிக்கு வந்த பழைய மிஷனெரிமார் பலர் கற்றதும் அந்நகரிலேதான். 1743இல் டூயிஸ்பர்க் சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தார். 1794இல் அவ்வூரிலேயே காலமானார்.

நீரின் குணங்களைப்பற்றி 1756இல் இவர் இலத்தீனில் எழுதிய நூலே இவர் பெயரை நிலைநாட்டிற்று. துலக்கிய இரும்புக் கரண்டி ஒன்றைச் செந்தணலில் பழுக்கவைத்து, அதில் ஒரு துளி நீரை இட்டு, ஊசலின் அசைவுகளை எண்ணினார். முதற்றுளி பளிங்குருண்டைபோல் உருண்டுகொண்டு 30 வினாடிக்கு மேலும் நின்றது. அதற்குள் கரண்டி சற்று ஆறிற்று. அடுத்த துளியோ ஏறக்குறைய 10 வினாடியில் மறைந்தது. பின்வந்தவை இன்னும் விரைவில் ஒழிந்தன. வெப்பம் மிகுந்தபோது ஆயுள் நீண்டதென்பது எத்துணை வியப்பு! துளிக்கு அப்பால் மெழுகுவர்த்தியை வைத்து நோக்க, துளிக்கும் இரும்புக்கும் இடையே ஒளி ஊடுருவக் கண்டார். துளி இரும்பைத் தொடவேயில்லை. தன் ஆவியின்மேலேயே அது மிதந்தது. ஆவியோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது.

ஆயினும் ஓரிடத்தில் இவர் வழுவினார். துளி வற்றியபின் எஞ்சிய சிறு பொடியைக் கண்டு, நெருப்பு நீரை மண்ணாக்குகிறதென முடிவுசெய்தார். அக்காலத்துக் கற்றோர் பலரும் அவ்வாறே நம்பினராதலின் நாம் அவரைக் குறைகூறோம். நீரை நெடுநாள் காய்ச்சியபோது எஞ்சிய மண் கண்ணாடிப் பாத்திரத்திலிருந்தே வந்ததென, அப்பாத்திரத்தை நிறுத்துப்பார்த்து 1770இல் மெய்ப்பித்தவர் பிரான்சு தேசத்து லவாய்சியர்.

கரண்டியில் கண்டதன் சாயலை அனல்வாயுவின் நடுவிலும் காணலாம். அங்கே விழுந்த துளியிலிருந்து வெளிப்படும் ஆவி அதனைச் சூழ்ந்து, வரும் வெப்பத்தை ஓரளவு தடுக்கிறது. எஞ்சிய வெப்பமும் ஆவியாக்குவதிலேயே செலவாவதால், சுற்றிலும் பல நூறு பாகை சூடிருப்பினும், சாதாரண வாயுவழுத்தத்தில் துளி 100 பாகையை எட்டுவதில்லை. விட்டம் பாதியானால் ஆயுள் ஏறக்குறைய நாலில் ஒன்றாகும். தீயணைப்போர் நீரை நுண்துளிகளாய்த் தெளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்டிதரின் நூலில் இச்சோதனையைக் கூறும் பகுதி 1966இல் ஆங்கிலமாக்கப்பட்டு, வெப்பவியல் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. அதற்குள் 210 ஆண்டுகள் கழிந்திருந்தன.