ஒரே ஒரு கறுப்புச் சதுரம்... கடைசி வரை கைவிடாத ஓவியர்: யார் இந்த மாலெவிச்?

வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ஒரு சதுரம். அவ்ளோதான் ஓவியம். இதை நம்ம வீட்டுக் குழந்தையே வரைஞ்சிடுமே என்று தோன்றலாம். ஆனால், 100 ஆண்டுகள் தாண்டியும் உலகம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறது. இதை வரைந்த காசிமிர் மாலெவிச், அதற்காகக் கொடுத்த விலையும் சின்னதல்ல.

சர்க்கரை ஆலை ஊழியரின் மகன்

1879-ல் கீவ் நகரில், போலந்து வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் மாலெவிச். அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. வேலை மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. உக்ரைன் கிராமங்களில் விவசாயிகள் வீட்டுச் சுவரிலும் அடுப்பிலும் வரைந்த கோலங்கள்தான் சிறுவனுக்கு முதல் ஓவியப் பாடம். பிறகு மாஸ்கோ போய், ஐரோப்பாவின் புதிய பாணிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்.

அந்தக் கண்காட்சியில் என்ன நடந்தது?

1915 டிசம்பர். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அப்போது பெட்ரோகிராட். அங்கே 14 ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பெயர் '0,10'. பழசையெல்லாம் பூஜ்ஜியமாக்கிவிட்டு புதுசா தொடங்கணும் என்பதுதான் அந்தப் பூஜ்ஜியத்தின் அர்த்தம்.

ஆள், மரம், வீடு என எந்த உருவமும் இல்லாமல், வடிவமும் நிறமும் மட்டுமே இருப்பதுதான் அரூப ஓவியம். அப்படி வரைந்த 39 படங்களை மாலெவிச் அங்கே வைத்தார். கறுப்புச் சதுரத்தை மட்டும் சுவரில் மாட்டவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி மாட்டினார். ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கும் இடம் அது! விமர்சகர்கள் கொதித்துப்போனார்கள்.

கூட இருந்தவர்களோடும் ஒத்துப்போகவில்லை. தன் பாணிக்கு 'சுப்ரீமேட்டிசம்' என்று அவர் வைத்த பெயரை, கண்காட்சிப் பட்டியலில் போட சக ஓவியர்கள் சம்மதிக்கவில்லை. அவரோ தனியாக ஒரு சிறு நூலை அச்சடித்து விநியோகித்தார். இன்னொரு நட்சத்திரமான டாட்லினுடன் மோதல், கைகலப்பு வரை போனதாகச் சொல்லப்படுகிறது.

புரட்சிக்குப் பிறகு...

1917 புரட்சி வந்ததும் புதிய கலைக்குக் கதவு திறந்தது. 1919-ல் விடெப்ஸ்க் நகரக் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்கள் சட்டையில் கறுப்புச் சதுரத்தைக் குத்திக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால், காற்று சீக்கிரமே திசை மாறியது. 1926-ல் அவர் நடத்திய கலை ஆய்வு நிறுவனம் மூடப்பட்டது. 1927-ல் ஓவியங்களோடு வார்சா, பெர்லின் போனார். பாதியிலேயே நாடு திரும்ப வேண்டிய நிலை. படங்களை ஜெர்மனியிலேயே விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அவற்றை அவர் பார்க்கவே முடியவில்லை. 1930-ல் கைது, விசாரணை, சிறை.

ஸ்டாலின் காலத்தில் அரூப ஓவியத்துக்கு இடமில்லை. வெளியே வந்த மாலெவிச், மீண்டும் மனிதர்களை வரைந்தார். அடங்கிட்டாரா? 1933-ல் தன்னையே வரைந்த ஓவியத்தின் கீழ் மூலையைப் பாருங்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குட்டியாக ஒரு கறுப்புச் சதுரம்!

கல்லறையிலும் சதுரம்

1935 மே 15-ல் லெனின்கிராடில் புற்றுநோயால் இறந்தார். இறுதி ஊர்வல வண்டியின் முகப்பிலும் கறுப்புச் சதுரம்தான். மாஸ்கோ அருகே நெம்சினோவ்காவில், ஒரு ஓக் மரத்தடியில் அஸ்தி புதைக்கப்பட்டது. மேலே வைத்த வெள்ளைக் கனசதுரத்திலும் அதே அடையாளம். இரண்டாம் உலகப்போரில் அந்த இடமே தெரியாமல் போனது.

இப்போது அந்த ஓவியம் எங்கே?

1915-ல் மூலையில் தொங்கிய அதே படம், மாஸ்கோவின் ட்ரெட்யாகோவ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 79.5 சென்டிமீட்டருக்கு 79.5. கறுப்பு வண்ணம் முழுக்க விரிசல். 2015-ல் எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தபோது, அடியில் வண்ணமயமான வேறு ஓவியங்கள் மறைந்திருப்பது தெரியவந்தது.

ஜெர்மனியில் அவர் விட்டுவந்த படங்களில் ஒன்று, 2018-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 8.5 கோடி டாலருக்கும் மேல்!