அட்டவணை தந்த அறிஞர் எட்கர் காட்

வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு, தேர்வு மதிப்பெண் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இன்று கணிப்பொறிக்குள் அட்டவணைகளாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வாறு அடுக்கும் முறையைக் கணித அடிப்படையில் வகுத்தளித்த பெருமை எட்கர் ஃபிராங்க் காட் என்னும் ஆங்கிலேயரைச் சாரும்.

இவர் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லண்டு தீவில் பிறந்தார். தந்தையார் தோல் தொழில் நடத்தியவர். தாயார் பள்ளி ஆசிரியை. மக்கள் எழுவரில் இவரே கடைக்குட்டி. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது விமானம் ஓட்டினார். 1948இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றினார். செனட்டர் மக்கார்த்தியின் போக்குக் கண்டு மனம் கசந்து, 1953இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். பின்னர், நாற்பதை நெருங்கும் வயதில் மீண்டும் மாணவராகி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1965இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் கணிப்பொறியிலிருந்து ஒரு விவரத்தைப் பெறுவது எளிதன்று. அது எங்கே உள்ளது, எவ்வழியே சென்றால் கிட்டும் என்பதையெல்லாம் நிரல் எழுதுவோரே படிப்படியாகச் சொல்லியாக வேண்டும். விவரங்களை இடம் மாற்றி வைத்தாலோ நிரலையும் திருத்தியாக வேண்டும்! 1970இல் வெளியான கட்டுரையில் காட் இதற்கு விடை கண்டார். எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைப்போம்; என்ன வேண்டும் என்று மட்டும் கேட்போம்; தேடும் வழியைக் கணிப்பொறியே வகுத்துக் கொள்ளட்டும் என்பதே அதன் சாரம்.

இதனால் விளைந்த நன்மையை நம் பள்ளியைக் கொண்டே பார்ப்போம். கணிதத்தில் 80க்கு மேல் பெற்றவர் யார் யார் என்று தலைமையாசிரியை கேட்கிறார். ஆசிரியர் அறையின் பெரிய மேசையில் எல்லாப் பதிவேடுகளும் விரிந்து கிடக்கின்றன. ஓர் ஆசிரியை மட்டும் தேடலாம். நால்வர் சுற்றி அமர்ந்து பங்கிட்டும் தேடலாம். கேள்வி மாறுவதில்லை. பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து தரவுத்தளத்தை இயக்குவதும் இவ்வாறே. ஆனால் இருவர் ஒரே வரியைத் திருத்த முனைந்தால் குழப்பம் நேரும். ஆகவே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும்படி அந்த வரிக்குப் பூட்டு இடுகிறார்கள். பல கணிப்பொறிகளை இணைத்து, அவற்றின் நினைவகங்களை ஒன்றே போல் ஆளும்போது இன்னொரு தொல்லை உண்டு. சில பதிவேடுகள் அடுத்த அறையில் இருப்பது போலாகிவிடும். போய்வரவே நேரம் கழியும். எனவே, அவரவர்க்கு வேண்டியதை அவரவர் அருகிலேயே வைக்க முயல்கின்றனர். இவை பிறர் உழைப்பில் மலர்ந்தவையே. எனினும், கேள்வியையும் தேடும் வழியையும் காட் பிரித்து வைத்திராவிடில் இவை இத்துணை எளிதாகக் கைகூடியிரா என்றே நமக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய நிறுவனமே இக்கருத்தை விரைந்து ஏற்கவில்லை. பழைய முறையில் அமைந்த ஒரு மென்பொருளை அது ஏற்கெனவே விற்று வந்ததே காரணம். சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பணி நடந்தது, எஸ்.க்யூ.எல். என்னும் கேள்வி மொழியும் அங்கேதான் உருவாயிற்று. ஆயினும் 1979இல் ஆரக்கிள் கடைக்கு வந்த பின்னர், 1981இல்தான் ஐ.பி.எம். தன் சரக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் காட் டூரிங் விருது பெற்றார். எஸ்.க்யூ.எல். தம் கொள்கையிலிருந்து விலகியதென்று அவர் குறை கூறி வந்தார். உண்மையான அட்டவணைத் தரவுத்தளம் எது என்று காட்ட, 1985இல் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். சுழியத்திலிருந்து எண்ணியதால் அவை பதின்மூன்று!

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், ஃபுளோரிடா மாநிலத்தில் தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79.